மலைத் தக்காளி

“ஒத்தப் பழம் கேட்டேன். ஒன் தாலியவா கேட்டேன்?”

தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள் பேச்சியம்மாள். அவள் மருமகள் வாயும் வயிறுமாக இருந்தாள். எதிர்வீட்டுச் சின்னத்தாயின் தக்காளி மேல் ஆசை வந்து, அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

ஆசைப்பட்டதும் நியாயம்தான். அந்த வீட்டு மருமகன் காளீஸ்வரன் கொடைக்கானலுக்கு லோடு அடித்தபோது கொண்டுவந்த பழத்தின் விதை அது. ஒவ்வொன்றும் சின்னப் பூசணி மாதிரி வரிவரியாக, உள்ளங்கை கொள்ளாமல் இருக்கும். ஒரு பழத்தில் ஒரு வீட்டுக்கே குழம்பு வைக்கலாம்.

சின்னத்தாயின் மகள் ரோஜாதான் விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து, வாசலில் மண் நிரப்பியிருந்த டிரம்மில் முளைக்கப் போட்டாள். போன வருஷம் ஏழாம் மாதத்தில் அவள் வயிற்றிலேயே பிள்ளை இறந்துவிட்டது. பிறகு, தன் செடியின் விதையையே அதே டிரம்மில் மறுபடி போட்டு வளர்த்தாள். அதற்குத் தண்ணீர் ஊற்றத்தான் பாயை விட்டு எழுந்திருப்பாள். ஆனால் ஒரு பழத்தைக்கூட வாயில் வைப்பதில்லை.

“நான் தாரேன் அத்தை.”

ரோஜாவே ஒரு பழத்தைப் பறித்து நீட்டினாள். பேச்சியம்மாளின் மருமகள் வாங்கிக் கடிக்கப் போனாள்.

வேலைக்குக் கிளம்பிய சின்னத்தாய் பாய்ந்து வந்து அதைப் பிடுங்கினாள்.

“எங்க வீட்டுப் பழத்தை எவளும் தொடக் கூடாது!”

ரோஜா அழுதாள். “யம்மா, நீயெல்லாம் ஒரு பொம்பளையா? பிள்ளத்தாச்சி வாயில இருந்து பிடுங்குறியே!”

சின்னத்தாய் பழுத்ததையெல்லாம் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். எப்போதும் இதே கதைதான். சாத்தூரில் விற்றுவிடுகிறாள் என்று தெருவில் பேச்சு. மகள் ஆசையாக வளர்த்ததை விற்றுத் தின்கிறவள் என்ன ஜென்மமோ!

பேச்சியம்மாள் விடுவதாக இல்லை. வேனுக்கு நிற்கும் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் முன்னால் வைத்து நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டுவிடுவது என்று பின்னாலேயே போனாள்.

சின்னத்தாய் வேன் நிற்கும் இடத்துக்குப் போகவில்லை. கருவேலங்காட்டுக்குள் இறங்கினாள். மண்ணைத் தோண்டிப் பையைக் கவிழ்த்தாள். பழங்களைக் காலால் நசுக்கி மூடினாள்.

“அடிப் பாவி! மண்ணுக்குள்ள போட்டாலும் போடுவ, மனுசருக்குத் தர மாட்டியா?”

சின்னத்தாய் திடுக்கிட்டுத் திரும்பினாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

“செடி வச்சிருக்கிறது, கம்பெனிக்குப் பட்டாசு மருந்து வந்த டிரம்மு மதினி. வெவரம் தெரியாம நான்தான் வாங்கியாந்து, சரியாக் கழுவாம மண்ணை ரொப்பிக் குடுத்தேன். அதுல வெளஞ்சதைத் தின்னா வெசம்னு போர்மேன் பெறகுதான் சொன்னாரு.”

பேச்சியம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அதை வாயத் திறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? செடியப் புடுங்கி எறிய வேண்டியதுதான?”

“எறிஞ்சா ஏன்னு ரோஜா கேப்பாளே.”

சின்னத்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தெருவுல என்னைய எம்புட்டு வேணாலும் ஏசுங்க மதினி. காரணத்தை மட்டும் எம் மககிட்டச் சொல்லிறாதீக. மாசமா இருக்கையில அவ ஆசை ஆசையாத் தின்னதும் இந்த டிரம்முப் பழந்தான்.”