நாலாம் நம்பருக்கு நெஞ்சு சரியில்லை

"நாலாம் நம்பரைக் காணோமேய்யா" என்றார் ரெஜான், கீழே பனித்தளத்தைக் கண்ணால் துழாவிக்கொண்டே. "ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது. வார்ம்அப்புக்குக்கூட வரலை."

லைல் காப்பிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு தலையை மெல்ல ஆட்டினார். கண்ணில் லேசாக ஈரம்கூட வந்தது. "நான்தான் அன்னைக்கே சொன்னேனே. நெஞ்சுல கோளாறு. பதினேழு வயசு, பாவம்."

சொன்னது சுத்தப் பொய். கண்ணில் இருந்தது காப்பியின் ஆவி.

இரண்டு பேரும் வேறு வேறு பெரிய கிளப்புகளுக்கு ஆள் பார்ப்பவர்கள். குளிர்காலம் முழுக்க சஸ்காச்சுவான் மாகாணச் சிற்றூர்களில் ஐஸ் ஹாக்கி ஆடும் பையன்களை எடை போட்டு நோட்டில் எழுத வேண்டும். ஜூன் மாத டிராஃப்டில் கிளப்புகள் வரிசையாக ஆளுக்கொரு பையனை எடுத்துக்கொள்ளும். லைலின் கிளப்புக்கு முறை வருவதற்குள் அறுபது பேர் போய்விடுவார்கள்.

நாலாம் நம்பர் டேன் யாரெம்கோ அதுவரை மிஞ்ச மாட்டான். அப்படி ஒரு தடுப்பாட்டக்காரனை லைல் இருபது வருடத்தில் பார்த்ததில்லை. வட்டை எடுக்கப் பின்னால் போகும்போதே இரண்டு தோளுக்கு மேலாகவும் திரும்பிப் பார்த்துவிடுவான். எதிராளி வந்து மோதுவதற்குள் வட்டு போக வேண்டியவனிடம் போயிருக்கும்.

மற்றவர்கள் ஒரு நிமிடம் ஆடிவிட்டு பெஞ்சுக்கு வந்தால், இவன் அரை நிமிடத்திலேயே வந்து அடுத்தவனுக்கு இடம் கொடுப்பான். 'சுயநலம் இல்லாதவன்' என்று லைல் எழுதிக்கொண்டார். பெஞ்சில் உட்கார்ந்து நீல நிறப் பானத்தை உறிஞ்சிக்கொண்டே இருப்பான், உதடெல்லாம் நீலம். 'இனிப்புப் பிரியன்' என்று அதையும் எழுதினார். ஆள் பார்ப்பதில் லைல் எதையும் விட மாட்டார்.

இந்த வருடமும் உருப்படியான ஆளைக் கொண்டு வராவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று கிளப்பில் சொல்லிவிட்டார்கள். அறுபத்தொரு வயதில் வீட்டுக்குப் போய் என்ன செய்வது? மூன்று வாரத்துக்கு முன் ரெஜானைத் தனியாக அழைத்து, "யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்று சொல்லிப் பொய்யைக் காதில் போட்டார்.

ரெஜானிடம் ரகசியம் சொல்வதும் ஒலிபெருக்கி கட்டிச் சொல்வதும் ஒன்றுதான். ஒரே வாரத்தில் எட்டு கிளப்புகள் தங்கள் பட்டியலில் டேனைக் கீழே தள்ளிவிட்டன. வெட்கங்கெட்ட வேலை. லைலுக்கும் அது தெரியும்.

"அவன் அப்பன் வந்திருக்கான்" என்றார் ரெஜான். குரல் இறங்கியிருந்தது. "நேத்திலேர்ந்து நம்ம ஆளுங்களை ஒவ்வொருத்தனா பிடிச்சுக் கேட்கிறான். யார் முதல்ல சொன்னதுன்னு."

"நீ என்னய்யா சொன்னே?"

"உன் பேரைத்தான். பின்னே? அவன் கையைப் பார்த்தியா? பொட்டாஷ் சுரங்கத்துல பாறையோட மல்லுக்கட்டற கை. எனக்குச் சொந்தப் பல்லுன்னு மிச்சம் இருக்கறதே ரெண்டு."

லைல் நிமிர்ந்து பார்த்தார். எதிர்ப்பக்கத்துக் கடைசி வரிசையில் ஒரு பெரிய உருவம் நின்றுகொண்டிருந்தது. அது பனித்தளத்தைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தேசிய கீதத்துக்கு எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். கீதம் முடிவதற்குள் லைல் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே நழுவினார். வாழ்நாளில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் முறை.

வெளியே உச்சி வெயில், ஆனால் மைனஸ் முப்பது டிகிரி உறைகுளிர். மூச்சு இழுத்தால் மூக்குக்குள் முள் குத்தியது. வண்டிகளெல்லாம் எஞ்சின் உறையாமலிருக்க மின்கம்பியில் செருகப்பட்டு வரிசையாக நின்றன.

லைலின் வண்டி மட்டும் செருகப்பட்டிருக்கவில்லை. பெரிய வாசல் வழியாக முந்திவிட்ட அந்த மனிதர், கம்பியைக் கழற்றி முஷ்டியில் சுற்றிக்கொண்டு கதவை மறித்து நின்றார்.

"லைல்ங்கறது நீங்கதானே?"

"ஆமா... கொஞ்சம் அவசரமா..."

"எங்கேயும் போக வேண்டாம். என் பையனுக்கு நெஞ்சுல கோளாறுன்னு சொன்னது யாரு?"

"காதுல விழுந்ததைத்தான் நானும்..."

"பொய் சொல்லாதீங்க. எல்லாரையும் கேட்டாச்சு. எங்கே சுத்தினாலும் உங்ககிட்டதான் வந்து முடியுது."

லைல் சுற்றிலும் பார்த்தார். வாகனத் திடலில் வேறு ஒரு ஆள் இல்லை. உள்ளே கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. இவர் கத்தினால் யாருக்கும் கேட்காது.

"நான்தான் சொன்னேன்" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது கம்பி பனியில் கிடந்தது. இரண்டு பெரிய கைகள் அவருடைய கையைப் பற்றியிருந்தன.

"புரளின்னு நிரூபிச்சு உங்க வாயை அடைக்கணும்னுதான் சார் வெள்ளிக்கிழமை அவனை சஸ்கட்டூன் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம்..." அந்த மனிதரின் இமையில் திரண்ட நீர் குளிரில் அங்கேயே உறைந்தது.

"பெத்தவங்க எங்களுக்கே தெரியாதது, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"