கெசையாவின் குத்தகை

ஹார்பின் மாளிகையின் பழைய பத்திரங்களில் ஒன்று லவினியாவை நிம்மதியாக இருக்கவிடவில்லை. கைக்குழந்தை கெசையா உயிரோடிருக்கும்வரை ஓடைக்கரை வீடு அவள் குடும்பத்துக்கே என்று, லவினியாவின் தாத்தாவுக்குத் தாத்தா எழுதிக்கொடுத்த குத்தகை அது. அந்த வீட்டை விற்றால்தான் மாளிகை மிஞ்சும்.

லவினியா நேரில் போனாள். அங்கே தனியாகக் குடியிருப்பதாக ஊரார் சொன்ன டோர்க்காஸ் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"கெசையாவை எங்க புதைச்சாங்கன்னு சொல்லுங்க, போதும்."

"மெதுவாப் பேசுங்கம்மா. இப்பத்தான் கண்ணசந்தா."

லவினியா சிரிக்கப் பார்த்தாள். மாடியில் ஒரு குழந்தை சிணுங்கியது.

"எழுப்பிவிட்டுட்டீங்களே," என்றாள் டோர்க்காஸ். "இன்னும் பல்லே முளைக்கல. அவ அம்மாவுக்கப்புறம் எங்க வீட்டுப் பொம்பளைங்கதான் தலைமுறை தலைமுறையா வளர்த்தாங்க; கடைசியா எங்கம்மா, இப்ப நான். எனக்குப் பிள்ளைங்க இல்ல. நான் போயிட்டா வீடும் அவளும் உங்ககிட்டதானே வரணும்."

இளஞ்சூடான பால் கிண்ணத்தை லவினியாவின் கையில் வைத்தாள். மேலே சிணுங்கல் அழுகையானது. லவினியா படியேறத் தொடங்கினாள்.