டுவெய்னின் சைலன்சர்

"சாக்கடைக் குழாய வச்சு படகு ஓட்டப்போறியா? அப்படியே ஒரு கக்கூஸும் கட்டிரு" என்றான் பக்கத்து வீட்டு வெர்லின்.

என் கணவன் டுவெய்ன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உன் படகு இருமுற இருமலுக்கு மீனெல்லாம் டாக்டரத் தேடுது. மொதல்ல அதப் பாரு."

எங்கள் படகு எண்பத்தாறாம் வருஷத்தது. தண்ணீரில் சறுக்குகிறவர்களைக் கயிறு கட்டி இழுப்பதற்கென்றே செய்தது. பின்பக்கம், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கை நுழைகிற அளவில் இரண்டு ஓட்டைகள். புகையும் சத்தமும் அவை வழியாகத்தான் வரும். புகையாவது காற்றில் போய்விடும். சத்தம் போகாது.

போன ஆகஸ்டில் எங்கள் மகள் கரீன் நாணல் திட்டுப் பக்கம் திரும்பும்போது விழுந்தாள். கண்காணிப்பு இருக்கையில், பின்னால் பார்த்தபடி நான்தான் உட்கார்ந்திருந்தேன். விழுந்ததும் சொல்வது என் வேலை. தொண்டை கிழியக் கத்தினேன். டுவெய்ன் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனான். எட்டி அவன் சட்டையைப் பிடித்து இழுத்துத் திருப்ப வைத்தேன். அதற்குள் வேறொரு படகு அவள் தலைக்குப் பத்தடி தள்ளிப் பாய்ந்து போயிருந்தது.

"இந்த மோட்டார் போடுற சத்தத்துல எவனுக்குக் காது கேக்கும்?" என்றான் அன்று. முகம் வெளுத்துப் போயிருந்தது.

நியாயம்தான். நானே அந்தச் சத்தத்தை முப்பத்தோரு வருஷமாகத் திட்டிக்கொண்டிருப்பவள்.

சத்தத்தைச் சரிசெய்யும்வரை அந்த இருக்கையில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கண்காணிக்க ஆளோ, பின்னால் பார்க்கக் கண்ணாடியோ இல்லாமல் இங்கே யாரையும் இழுக்கக் கூடாது, சட்டம். கண்ணாடி மாட்ட அவனுக்கு இஷ்டமில்லை. கண்ணாடியெல்லாம் பெண்டாட்டி இல்லாதவனுக்கு என்பான்.

ஏரி உறைந்து கிடந்த மாதமெல்லாம் கார் ஷெட்டிலேயே குடியிருந்தான். இரண்டு ஓட்டைகளிலும் ரப்பர் உறை போட்டுக் கிளாம்ப் இறுக்கினான். பக்கத்துக்கு ஒரு எல்போ வளைவு, நடுவில் இரண்டையும் சேர்க்க ஒரு டீ இணைப்பு, அதிலிருந்து கீழே ஒரு தடித்த பிவிசி குழாய். அதன் வாய் படகின் பின்பலகைக்கு அடியில் தண்ணீருக்குள் முங்கியிருக்கும். வாயைச் சாய்வாக அறுத்திருந்தான். படகு ஓடும்போது தண்ணீரே புகையை உறிஞ்சி இழுத்துவிடுமாம்.

மார்ச்சில் தோட்டத்துக் குழாயிலிருந்து தண்ணீர் கொடுத்து மோட்டாரை ஓட்டிப் பார்த்தான். ஒரு எல்போ பிய்த்துக்கொண்டு பறந்து போய் ஷெட் மூலையில் இருந்த என் ஃப்ரீசர் கதவை நசுக்கியது.

"எல்போதான் தப்பு. என் கணக்கு தப்பில்ல" என்றான்.

கணக்கு தப்பவில்லை.

ஜூன் முதல் சனிக்கிழமை, காலை ஆறு மணி. ஏரி அசையாமல் கிடந்தது. கரீன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் மிதந்தாள். டுவெய்ன் சாவியைத் திருப்பினான்.

"அப்பா, ஸ்டார்ட் பண்ணுப்பா!" என்றாள் கரீன்.

மோட்டார் அப்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

தண்ணீருக்கடியில் யாரோ கஞ்சி கொதிக்க வைத்ததுபோல ஒரு குமுறல், அவ்வளவுதான். தன் வீட்டுப் படகுத்துறையில் காப்பிக் கோப்பையோடு நின்ற வெர்லின், தொப்பியைக் கழற்றித் தலை வணங்கினான். வெர்லின் தோல்வியை ஒப்புக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கரீன் எழுந்தாள். வேகம் கூடியது. அப்போதும் என் ஃபிளாஸ்க் மூடி தரையில் உருளும் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு பறவை கூவியதும் கேட்டது. இந்தப் படகில் நான் பறவை கூவிக் கேட்டதில்லை.

நாணல் திட்டு வந்தது. படகு வளைந்தது. திருப்பத்தில் கயிறு எப்படியும் தொய்ந்துதான் இருக்கும், ஆள் விழுந்தாலும் படகு குலுங்காது. கரீன் சறுக்கி விழுந்தாள். உடனே மேலே வந்து, அடிபடவில்லை என்று கையைத் தூக்கிக் காட்டினாள்.

"விழுந்துட்டா" என்றேன். சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்கிற குரலில்தான் சொன்னேன். இனி அது போதும் என்ற திமிர் எனக்கு.

டுவெய்ன் புன்னகையோடு முன்னால் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

"டுவெய்ன், விழுந்துட்டா."

கரீனின் கை தூரத்தில் சின்னதாகிக்கொண்டே போனது.

"டுவெய்ன்!"

அந்தக் கோடியில், தன் துறையில் நின்றிருந்த வெர்லின் சட்டென்று திரும்பி எங்களைப் பார்த்தான். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தன் படகை நோக்கி ஓடினான்.

எனக்கு நாலடி தூரத்தில் டுவெய்ன் சுக்கானை மெல்லத் தட்டிக்கொடுத்தான்.

"பாத்தியா லவோன்?" என்றான், திரும்பாமல். "இனிமே நீ முணுமுணுத்தாக்கூட எனக்குக் கேக்கும்."

நான் எழுந்து போய், முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக, வேகப் பிடியில் இருந்த அவன் கைமேல் என் கையை வைத்து வேகத்தைக் குறைத்தேன்.