படிக்கட்டுப் படம்

"இப்போ நம்ம அபார்ட்மெண்ட் மாடிப்படியைப் படம் எடுத்துப் போடச் சொல்றானா? நீயும் போட்டுட்டியா?" பல் தேய்த்துக்கொண்டிருந்த கணவர் பிரஷ்ஷோடு கூடத்துக்கு வந்துவிட்டார்.

"நேத்தே போட்டாச்சு" என்றாள் அவள்.

மூக்குக்கண்ணாடிக் கடை அவளுக்குப் பிழைப்பு. பனோரமா படம் பைத்தியம். முக்காலியில் கேமராவை நிறுத்தி, முழுச் சுற்றும் சுற்றி எடுத்து, கணினியில் ஒட்டுப் போட்டு, இணையத்தில் ஏற்றுவாள். விரலால் தள்ளினால் போதும், அந்த இடத்தின் நடுவில் நின்று முன்னும் பின்னும் பார்ப்பதுபோல் இருக்கும்.

சொந்தக்காரர்கள் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். 'பறவை' என்ற பெயரில் வருகிற ஒருவர்தான் ஆற அமரப் பார்த்து, அடுத்து எதை எடுக்கலாம் என்றும் சொல்வார். அந்த ஒருவருக்காகவே அவள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறாள்.

"முதல்ல பூங்கா கேட்டான். அப்புறம் கடைத்தெரு. அப்புறம் தெருமுனை, நம்ம கேட். இப்போ மாடிப்படி! வட்டம் சுருங்கிக்கிட்டே வருதே, உனக்கு உறைக்கலையா?"

"வெளிநாட்டுல யாராவது இருப்பாங்க. ஊர் ஞாபகமாக் கேட்கிறாங்க."

"ஊர் ஞாபகத்துக்கு உன் மாடிப்படி எதுக்கு? கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிஞ்சுக்கிட்டிருக்கே!"

 அவள் படத்தை நீக்கிவிடலாமென்று போனை எடுத்தாள். புதுச் செய்தி வந்து கிடந்தது.

'படியெல்லாம் தெளிவாத் தெரியுது. நன்றி. இன்னிக்கு வர்றேன்.'

கணவர் வங்கிக்கு லீவு சொன்னார். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார். குடையை ஓங்கிப் பிடித்துக்கொண்டு வாசலருகே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அரை மணி கழித்து அழைப்பு மணி அடித்தது.

"யாரு?"

"பறவை."

பெண் குரல்! அவள் சங்கிலியைக் கழற்றாமல் கதவை ஒருக்களித்துத் திறந்தாள். ஒல்லியாக ஒரு பெண், சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"எங்கேயிருந்தும்மா வர்றே?" குடையை இறக்காமலே கேட்டார் கணவர்.

"மேல் மாடியிலேருந்து சார்." அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. "ரோட்டுல பின்னாலேருந்து ஒரு வண்டி மோதிக் கால் உடைஞ்சுடுச்சு. கால் கூடிடுச்சு, பயம் போகலை. ரெண்டு வருஷமா நான் வாசல் தாண்டலை. அக்கா படத்துலதான் முன்னாடி பின்னாடி திரும்பிப் பார்த்துப் பார்த்துப் பழகினேன். இன்னிக்கு இவ்வளவு தூரம் தனியா இறங்கிட்டேன்... மிச்சப் படிக்குத் துணையா வர்றீங்களா அக்கா?"