வாவி நடுவிலிருந்து வந்த பதில்

புயல் எச்சரிக்கையை அமுக்கிக்கொண்டு ஒலிக்கும் உரிமமில்லாத வானொலியைத் தேடி, தொலைத்தொடர்பு ஆணைக்குழு அதிகாரி உதயரூபன் வாவிக்கரையில், புளியந்தீவில் தோணி ஏறினார். எச்சரிக்கை காதில் விழாமல் கல்குடாவில் கடலுக்குப் போன மூன்று பேர் கரை திரும்பவில்லை. அடுத்த கிழமை பாராளுமன்றக் குழுவுக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

அலை வரும் திசையைக் காட்ட அவர் கொண்டுவந்த அன்டெனா காட்டிய இடம் வாவியின் நடு. அங்கே தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. அந்த வானொலியைக் கேட்கக் கருவியைத் திருகினார்.

"எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை, கௌரவ உறுப்பினரே" என்றது அதில் ஒரு குரல்.

"உங்கட குரல் மாதிரியெல்லோ இருக்கு, சேர்" என்றார் தோணிக்காரர் குஞ்சித்தம்பி. "போன வருசம் வந்த ஐயாவும் அவர்ர குரலத்தான் கேட்டவரு."

அடுத்த கிழமை கொழும்பில், குழுவின் முன், வாவியில் கேட்டதை ஒளிக்காமல் சொல்லிவிடுவதென்றுதான் உதயரூபன் எழுந்தார். வாயைத் திறந்தார்.

"எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை, கௌரவ உறுப்பினரே."

உறுப்பினர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போனார்கள். அவர்கள் சிங்களத்தில் பேசுவதைத் தமிழில் கேட்பதற்காக அவர் காதில் மாட்டியிருந்த கருவியில் மொழிபெயர்ப்பாளரின் குரல் நின்றது. அதில் துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது.

"இஞ்ச ஒண்டுமில்ல, சேர்" என்றார் குஞ்சித்தம்பி. "தோணியத் திருப்பட்டா?"