சாட்சியின் முகவரி

தேர்தல் அலுவலர் டார்லீன் அடுத்த தபால் ஓட்டு உறையை எடுத்துப் பெயரை உரக்கப் படித்தார். யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்.

ஆர்வின் கையைத் தூக்கினார். "சாட்சி கையெழுத்து இருக்கு, முகவரி இல்ல. தள்ளுங்க."

"சாட்சியைப் போன்ல கூப்பிடுங்க. வந்து எழுதட்டும்," என்றார் டார்லீன். காலையிலிருந்து சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரல். தபால் ஓட்டு உறையில் சாட்சியே தன் கையெழுத்தும் முகவரியும் போட வேண்டும்; வந்து எழுதாவிட்டால் அந்த ஓட்டு தள்ளுபடிதான்.

எதிர் மேசையில் இருந்த மிர்னா மேசைப் போனை எடுத்தாள். "பாவம், அந்தக் கிழவர் இந்தக் காத்துல வண்டி ஓட்டிட்டு வரணும். குளுகுளுன்னு இருக்கா, ஆர்வின்?"

"சட்டம் நான் எழுதல, மிர்னா."

"ஆமாமா, நீ பேப்பர்லதானே எழுதுவ."

பனி வாரும் வண்டிகள் நிற்கும் கொட்டகையின் மறுபாதிதான் ஊர் மன்றம். தேர்தல் நாளில் தபால் ஓட்டுகளை இங்கேதான் பிரிப்பார்கள். கட்சிக்கு ஒருவர் உட்கார்ந்து கவனிக்கலாம், ஆட்சேபம் சொல்லலாம்.

ஆர்வின் அதிபரின் கட்சி. மிர்னா எதிர்க்கட்சி.

ஆர்வினின் மனைவி லவோனும் எதிர்க்கட்சிதான். ஜனவரியில், அதிபர் மீதான பதவிநீக்க விசாரணை டிவியில் ஓடிக்கொண்டிருந்தபோது, அவள் சமையலறைக்குத் தனியாக ஒரு டிவி வாங்கி வைத்துக்கொண்டாள். வீட்டு முன் புல்வெளியில் இரண்டு பலகைகள் நின்றன. அவளுடையது 'நீக்கு' என்றது. அவருடையது 'கை வைக்காதே' என்றது. உணவகத்தில் பழைய நண்பர்கள் மேசை மாறி உட்கார்ந்தார்கள். தேவாலயத்தில்கூடப் பலர் இருக்கை மாறினார்கள்.

"உன் ஓட்டை நான் அடிக்கிறேன், என் ஓட்டை நீ அடிக்கிற," என்பாள் லவோன். "ரெண்டு பேரும் வீட்லயே இருந்து ஆப்பிள் பை தின்னலாம்."

கோடையில் சண்டை தபால் ஓட்டின் பக்கம் திரும்பியது. தபாலில் விட்டால் செத்தவர்களும் ஓட்டுப் போடுவார்கள் என்று ஆர்வின் ஊர்ப் பத்திரிகைக்கு எழுதினார். அவர் பெயரோடு, படத்தோடு வந்தது.

அப்போதே லவோன் படுக்கையில் இருந்தாள். அக்டோபரில் தபாலில் ஓட்டுப் போட்டாள். போன வெள்ளிக்கிழமை இறந்துபோனாள்.

தேர்தல் நாளுக்கு முன்பு இறந்தவரின் ஓட்டு இங்கே செல்லாது. ஆனால் அவள் பெயர் இன்னும் இறந்தவர்கள் பட்டியலில் ஏறவில்லை. அவளுடைய உறை அந்தக் குவியலில் எங்கேயோ இருந்தது.

இன்றைக்காவது வீட்டில் இரு என்று கட்சிக்காரர்களே சொல்லிப் பார்த்தார்கள். ஆர்வின் கேட்கவில்லை. அந்த ஓட்டு பெட்டியில் விழுவதைப் பார்க்க வந்தாரா, தடுக்க வந்தாரா என்று யாராவது கேட்டிருந்தால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

"லவோன் ஹல்வர்சன்," என்று படித்தார் டார்லீன்.

நேற்று அவளுடைய அடக்கம் முடிந்து, தேவாலயத்தின் அடித்தளத்தில் பன்றி இறைச்சி வைத்த ரொட்டி தின்றவர்கள்தான் இங்கே இருந்த அத்தனை பேரும்.

"யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

மிர்னா காப்பிக் கோப்பைக்குள் பார்த்தாள். டார்லீன் உறையைத் திருப்பித் திருப்பிப் படிப்பதுபோல் நேரம் கடத்தினார். யாரும் வாய் திறக்காவிட்டால் அது பெட்டியில் விழுந்துவிடும். எல்லோரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள்.

ஆர்வின் காலையிலிருந்து ஒதுக்க வைத்த உறைகள் தட்டில் கிடந்தன. எல்லாம் தெரிந்தவர்களின் பெயர்கள்.

அவர் கை மேலே போனது.

ஆட்சேபம் சொல்பவர் சத்தியம் செய்து காரணம் சொல்ல வேண்டும் என்பது விதி. டார்லீன் தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "காரணம்?"

"இறந்துட்டா."

"இது உங்களுக்கு நேரடியாத் தெரியுமா?"

"தெரியும்."

"அட மனுஷா," என்றாள் மிர்னா. இந்த முறை அதில் குத்தல் இல்லை.

லவோனின் உறை தட்டுக்குப் போனது.

உறைகளை வந்து சேர்ந்த வரிசையில் அடுக்கியிருந்தார்கள். டார்லீன் அடுத்ததை எடுத்தார்.

"ஆர்வின் ஹல்வர்சன்."

மிர்னா விலுக்கென்று நிமிர்ந்தாள். "நீயா? தபால்லயா?"

தேர்தல் நாளான செவ்வாய்க்கிழமை லவோனை விட்டு ஒரு மணி நேரம்கூட நகர முடியாது என்றுதான் அக்டோபரில் ஆர்வின் நினைத்திருந்தார். லவோன் இருமிக்கொண்டே சிரித்தாள். "பேப்பர்ல எழுதின பெரிய மனுஷனும் தபால்லயா? கொண்டா, நானே சாட்சி போடுறேன்."

எழுத்து எழுத்தாகப் பெயரை எழுதினாள். அடுத்த வரிக்கு வந்ததும் பேனாவைப் போர்வை மேல் போட்டுவிட்டாள். "முகவரி என்ன முகவரி, இதே வீடுதானே?" பேனாவைத் திரும்ப அந்தக் கையில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

டார்லீன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உறையின் கீழ் வரியைத் தேடினார். அது காலியாக இருந்தது.

"சாட்சியைப் போன்ல கூப்பிடுங்க. வந்து எழுதட்டும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது டார்லீனின் காதில் விழுந்தது.

மிர்னாவின் கை, காலையிலிருந்து பழகிய பழக்கத்தில், ஏற்கெனவே போன் மேல் இருந்தது.

யாரும் அதை எடுக்கவில்லை.