படத்தில் இருந்த வால்

பரணில் இனிப் பூனை படுக்கலாமா கூடாதா என்று அந்த வீட்டுப் பிராணிகளெல்லாம் ஓட்டுப் போடுகிற நாள் அது. பல்லி முட்டையிட்டிருந்ததோ அதே பரணில். விடிந்தும் விடியாமலும் ஓடிவந்து வரிசையில் நின்றுவிட்டது.

வாசலில் அடையாள அட்டையைச் சரிபார்க்க உட்கார்ந்திருந்ததும் ஒரு பூனைதான். அட்டையையும் பல்லியையும் மாறி மாறிப் பார்த்தது.

“படத்தில வால் இருக்கே. உனக்கு எங்கே?”

“அறுந்துபோச்சு சார். மூஞ்சி அதேதானே?”

“எல்லாப் பல்லிக்கும் அதே மூஞ்சிதான்.”

பல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இந்த வீட்டில யார் என்ன பேசினாலும், நான் ஒரு சத்தம் கொடுத்தா போதும், ‘பாத்தியா, பல்லி சொல்லிடுச்சு’ன்னு அதைச் சத்தியமா நம்புறாங்க. நான்தான் நான்னு நானே சொல்றேன், அதை நம்ப மாட்டீங்களா?”

“அது சகுனம். இது சட்டம். அறுந்த வாலையாவது கொண்டுவா, பார்க்கலாம்.”

“எங்கேயிருந்து கொண்டுவர? நேத்து அதைக் கவ்வித் தின்னதே நீங்கதானே சார்!”

பூனை வாயை நக்கிக்கொண்டே பேனாவை எடுத்தது.

“அப்போ, ஆதாரம் இல்லைன்னு எழுதிக்கிறேன். அடுத்து யாருப்பா?”